மேல்சபையில் என் பெயர்

பெப்ரவரி 20, வியாழன்

நிரோஜினி இன்று வரவில்லை.

வியாழக்கிழமைகளில் அவள் முதியோர் இல்லத்தில் இரவுத் துப்புரவு வேலை முடித்து நேரே இங்கே வருவாள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு என்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போவாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நடந்தால் என் முழங்கால் கொஞ்சம் இளகும். வரமுடியாவிட்டால் சொல்லுவாள். இன்று சொல்லவில்லை. துவாயும் பையுமாகப் பதினொரு மணிவரை கதவடியில் இருந்தேன்.

மத்தியானம் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் விக்கினராஜா தொலைபேசி எடுத்தார்.

"ரீச்சர், பாராளுமன்றம் ஏறிட்டியள்!"

"ஆர், நானோ?"

"நீங்கள்தான். எங்கட ஹோல்கேட் மேல்சபையில உங்களைப் பற்றி ஒண்டரை நிமிசம் கதைச்சவர். முழுப்பேரும் சொன்னவர். ஞானேஸ்வரி எண்டது கொஞ்சம் ஞானஸ்நானம் மாதிரிக் கேட்டுது, ஆனாலும் சொல்லிப்போட்டார். வீடியோ அனுப்பிறன், பாருங்கோ."

இந்த மாநிலப் பாராளுமன்றத்துக்குக் கீழ்ச்சபை, மேல்சபை என்று இரண்டு உண்டு. ஹோல்கேட் எங்கள் பகுதிக்கான மேல்சபை உறுப்பினர்களில் ஒருவர். தைப்பொங்கலுக்கு வருவார், பொன்னாடை போர்த்துவோம், வடை சாப்பிடுவார், போவார்.

சந்தோசம் என்று சொல்லி வைத்தேன். குப்பை வாளியை வெளியே வைக்க மறந்துபோனேன். லொறி போய்விட்டது.

அதே நாள், பின்னேரம்

வீடியோவைப் பார்த்தேன். அவர் சொன்னதை என் தமிழில் எழுதிவைக்கிறேன்.

"என் தொகுதியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை திருமதி ஞானேஸ்வரி, இலங்கைப் போரில் மண்ணெண்ணெய்க்காக இரண்டு நாள் வரிசையில் நின்றவர். அந்த வரிசையில் ஒருவரும் முந்தவில்லை என்று பெருமையோடு சொன்னார். அதே பொறுமையோடு தன் முறைக்குக் காத்திருந்து, முன்வாசலால் எங்கள் நாட்டுக்கு வந்தார். படகில் ஏறி வரிசையை முந்தியவர்களுக்கு இந்த அரசு தொழிற்கல்லூரியில் இலவச இடம் கொடுக்கிறது. இது திருமதி ஞானேஸ்வரியின் முகத்தில் அறைவதற்குச் சமம்."

பின்னால் யாரோ "நன்று, நன்று" என்கிறார்கள்.

நிரோஜினி படகில் வந்தவள். இப்போது புரிகிறது ஏன் வரவில்லை என்று.

இரவுச் சம்பலில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். மகள் பாமதி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மருமகன் கேதீஸ் முழுவதையும் சாப்பிட்டு முடித்து, வழக்கம்போலத் தன் தாயாரின் படத்துக்கு விளக்கு வைத்தார். அந்தப் படத்தை அவரே துடைப்பார். வீட்டில் மற்றெல்லாவற்றையும் நான் துடைக்கிறேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

நிரோஜினி தொலைபேசியை எடுக்கவில்லை.

பெப்ரவரி 22, சனி

விக்கினராஜாவை வீட்டுக்கு வரச்சொன்னேன். வந்தார், ஒரு பெட்டி மாம்பழத்தோடு.

பொங்கல் விழாவில் நான் பேசியது தமிழில். ஹோல்கேட்டுக்குப் பக்கத்திலிருந்து காதுக்குள் மொழிபெயர்த்தது விக்கினராஜா. என் பேச்சை முழுவதும் சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னனான் ரீச்சர். நீங்கள் மண்ணெண்ணெய் வரிசை சொன்னியள், கானை வைச்சு இடம் பிடிச்சது சொன்னியள், ஒருத்தரும் முந்தேல்லை எண்டு சொன்னியள்…"

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு குசினியில வடை முடியுது எண்டு கூப்பிட்டவங்கள். நான் எழும்பிப் போயிட்டன்."

"வடைக்கோ?"

"முந்நூறு சனம் ரீச்சர்! வடை முடிஞ்சா நீங்களோ மறுமொழி சொல்லுவியள்?"

முப்பத்தைந்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். சமன்பாட்டின் இடப்பக்கத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு மணி அடித்ததும் போய்விட்டால், பிள்ளைகள் எதைக் கொண்டு வீட்டுக்குப் போவார்கள்? இடப்பக்கத்தை. அதையே விடை என்று நினைப்பார்கள்.

நான் அன்று சொன்ன மிச்சம் இது. சாவகச்சேரிக் கூட்டுறவுச் சங்கக்கடை. பொருளாதாரத் தடைக் காலம். இரண்டாம் நாள் மத்தியானம் எங்களுக்கு முன்னால் பத்துப்பேர்கூட இல்லை. மகனைப் பாம்பு கடித்ததென்று ஒரு மனுசன் ஓடி வந்தான். உழவு இயந்திரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எண்ணெய் இல்லை. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. முன்னால் நின்ற கிழவர் தன் எண்ணெய்க் கானைத் தூக்கிப் பின்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் தன்னுடையதை. வரிசை முழுவதும் ஓரடி பின்னால் போனது. அந்த மனுசன் முன்னால் போனான். "வரிசை என்றால் இதுதான், பிள்ளைகள்" என்று சொல்லித்தான் என் பேச்சை முடித்தேன். சபை கைதட்டியது. ஹோல்கேட்டும் தட்டினார். எதற்குத் தட்டினாரோ.

"இதை அவருக்குச் சொல்லுங்கோ" என்றேன்.

"சொல்லலாம்… ஆனா ரீச்சர், இப்ப வேண்டாம். சங்கத்துக்கு மண்டபம் எடுக்க ஹோல்கேட்டின்ர சிபாரிசுக் கடிதம் ஒண்டு தேவையாக் கிடக்கு. நல்லாத்தானே சொன்னவர் உங்களைப் பற்றி?"

"நல்லா அறைஞ்சவர்."

மாம்பழப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போனார். பாமதி உள்ளே எடுத்து வைத்தாள். நான் தொடவில்லை.

பெப்ரவரி 24, திங்கள்

பஸ் ஏறி ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். நிரோஜினி இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். கதவைத் திறந்தவள் உள்ளே வாருங்கோ என்று சொல்லவில்லை. பிறகு என் காலைப் பார்த்தாள். கதிரை கொண்டுவந்து போட்டாள்.

"நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களோ ரீச்சர்?"

"இல்லை."

"வேலையில ஆக்கள் அந்த வீடியோவைக் காட்டினவை. உங்கட ரீச்சர்தானே எண்டு கேட்டவை. நான் ஓம் எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது?"

முழுக்கதையையும் சொன்னேன். வடைக் கட்டத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்து முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு விசயத்தைச் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக அவளிடம் இருப்பது இடைக்கால விசா. வேலை செய்யலாம், வரி கட்டலாம், படிப்பதென்றால் வெளிநாட்டு மாணவர் கட்டணம். போன வருடம் மாநில அமைச்சர் ஒரு விதி போட்டார்: இப்படிப்பட்டவர்களும் தாதியர் படிப்பைக் கட்டணமில்லாமல் படிக்கலாம். நிரோஜினிக்கு இடம் கிடைத்தது. இரண்டு மாதமாகப் போகிறாள். எனக்குச் சொல்லவில்லை. முதல் பரீட்சை முடிந்து சித்தியடைந்த பிறகு சொல்ல நினைத்தாளாம்.

அந்த விதியை மேல்சபை நிராகரித்தால் அது செத்துவிடும். மார்ச் 19 புதன்கிழமை வாக்கெடுப்பு. அதை நிராகரிக்கக் கேட்கும் பிரேரணையைக் கொண்டுவருபவர் ஹோல்கேட்.

"அண்டைக்கும் உங்கட பேரைத்தான் சொல்லுவார்" என்றாள். "உங்கட பேர் நல்லா எடுபட்டிட்டுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் களைப்பாகச் சொன்னாள்.

பெப்ரவரி 26, புதன்

ஹோல்கேட்டின் தொகுதி அலுவலகம். பாமதி காரில் இறக்கிவிட்டாள். "சண்டை பிடிக்காதேங்கோ அம்மா" என்றாள். நான் எப்போது சண்டை பிடித்தேன்?

மனுசன் மிக அன்பாக இருந்தார். கதிரையைத் தானே இழுத்துப் போட்டார். பாம்பு கடித்த பிள்ளையின் கதையை ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, பின்வரிசை வாங்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். கண் கலங்கக் கேட்டார். உண்மையாகவே கலங்கியது.

"அற்புதமான கதை. ஆனாலும் என் கருத்து மாறாது, இல்லையா? அந்த மனிதன் அனுமதி கேட்டான் அல்லவா?"

"கேட்கவில்லை. நாங்கள்தான் விட்டோம்."

"அதேதான்! நீங்கள் விட்டீர்கள். அது உங்கள் முடிவு."

"அப்படியானால் நீங்களும் விடுங்கள்."

சிரித்தார். நான் பகிடி விட்டேன் என்று நினைத்துக்கொண்டார். என் பெயரை இனிச் சொல்லவேண்டாம் என்றேன். உங்களைப் பெருமைப்படுத்தியதற்கு யாரும் இதுவரை குறை சொன்னதில்லையே என்று நெற்றியைச் சுருக்கினார். போகும்போது ஒரு பொதியைக் கையில் தந்தார். காரில் பிரித்துப் பார்த்தேன். அவருடைய பேச்சு அச்சான பக்கம், கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே அவர் கையெழுத்தோடு.

பாமதி காரை ஓரமாக நிறுத்தி, நான் அழுகிறேனா என்று பார்த்தாள். அழவில்லை. சட்டத்தை எங்கே எறியலாம் என்று வாளி தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, திங்கள்

பாராளுமன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். குரலில் இளமையான ஒரு பெண். மிகப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

மேல்சபைக்குள் உறுப்பினர் என்ன சொன்னாலும் வழக்குப் போடமுடியாது. அது அவர்களுடைய சிறப்புரிமை. ஆனால் பெயர் சொல்லப்பட்ட குடிமகனுக்குப் பதில் கொடுக்கும் உரிமை உண்டு. எழுத்தில் அனுப்பவேண்டும். ஒரு குழு அதைப் பார்க்கும். சம்மதித்தால் சபைப் பதிவில் சேர்ப்பார்கள். பதில் சுருக்கமாக, விசயத்துக்குள் மட்டும், எவரையும் புண்படுத்தாமல் இருக்கவேண்டும்.

"அவர் புண்படுத்தினாரே?"

"அவர் உறுப்பினர், அம்மா."

அவளில் பிழை இல்லை. தெர்மாமீற்றரைத் திட்டிக் காய்ச்சல் குறைவதில்லை. நன்றி சொல்லி வைத்தேன். பிறகு குளியலறை ஓடுகளைத் தேய்த்தேன். முழங்கால் வீங்கிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

நிரோஜினி வந்தாள். குளத்துக்குப் போனோம். வீக்கத்தைப் பார்த்து ஏசினாள். ஏசியது நன்றாக இருந்தது.

பதிலை எழுதத் தொடங்கினேன். முதலில் பாம்புக் கதை. பிறகு அவர் சொன்ன மற்றப் பொய்: "தன் முறைக்குக் காத்திருந்து வந்தார்." நான் அப்படி வரவில்லை.

பெற்றோரை இங்கே கூப்பிட இரண்டு வரிசை இருக்கிறது. ஒன்றில் காசு கட்டத் தேவையில்லை. முப்பது வருடம் நிற்கவேண்டும் என்கிறார்கள். மற்றதில் பெருந்தொகை கட்டினால் சில வருடத்தில் விசா வரும். நான் இரண்டாவதில் வந்தவள். அதாவது முதலாவதில் நின்ற ஆயிரக்கணக்கான கிழவன் கிழவிகளைத் தாண்டி வந்தவள். சட்டப்படிதான். இந்த நாடே அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முன்னிடத்தை விற்றது. நிரோஜினி வாங்கமுடியாததை மகளும் மருமகனும் எனக்கு வாங்கித் தந்தார்கள். அதற்குப் பெயர் பொறுமையா?

இதை எழுதப்போகிறேன் என்று இராச் சாப்பாட்டில் சொன்னேன்.

பாமதியின் கை நின்றது. "அம்மா, அது எங்கட வீட்டு விசயம்."

"பாராளுமன்றத்தில போனபிறகு என்ன வீட்டு விசயம்?"

"விடுங்கோ எண்டு சொல்லுறன்."

கேதீஸ் தண்ணீர் குடித்தார். கோப்பையை மெதுவாக வைத்தார்.

"மாமி, முறை பாத்துக்கொண்டு நிண்டது என்ர அம்மா" என்றார். "அவவுக்கும் விண்ணப்பம் போட்டனான். காசில்லாத வரிசையில. ரெண்டு பேருக்கும் கட்ட எங்களிட்ட இருக்கேல்லை. கோப்பாயில இருந்துகொண்டு ஒவ்வொரு மாசமும் கேப்பா, என்ர நம்பர் எவ்வளவு வந்திட்டுது தம்பி எண்டு. நிண்டபடியே கண்ணை மூடிட்டா."

"கேதீஸ்…" என்றாள் பாமதி.

"நான் குறை சொல்லேல்லை. அந்தாள் சொன்ன மனுசி ஆர் எண்டு சொல்லுறன். அவ்வளவுதான்."

எழும்பிப் போய்விட்டார்.

நான் தட்டுகளைக் கழுவினேன். கழுவி முடித்ததும் அலுமாரியில் இருந்த மற்றத் தட்டுகளையும் எடுத்துக் கழுவினேன்.

ஹோல்கேட்டின்மேல் எனக்கு இன்று வந்த கோபத்தை எழுத இந்தக் கொப்பி போதாது.

மார்ச் 7, வெள்ளி

புட்டு அவித்தேன். கேதீஸ் சாப்பிட்டார். தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

மார்ச் 8, சனி

காலையில் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேதீஸ் வந்து மற்ற முனையைப் பிடித்து விரிப்பை உதறினார்.

"எழுதுங்கோ மாமி. அம்மான்ர பேரை மட்டும் போடாதேங்கோ. அந்தாளின்ர வாயில அதுவும் வரவேண்டாம்."

பின்னேரம் தபாலில் போட்டேன். ஒன்றரைப் பக்கம்.

மார்ச் 13, வியாழன்

பாராளுமன்ற அலுவலகத்தின் பதில் மின்னஞ்சலில் வந்தது. குழு அடுத்ததாக ஏப்ரல் கடைசியில் கூடும். அதற்குள் என் பதிலை "சீர்செய்து" தரலாமாம். பாம்புக் கதை சுருக்கமாக இல்லை. விசாவுக்குக் காசு கட்டியது மத்திய அரசின் விசயம், மாநிலச் சபைக்குப் பொருந்தாது. எடுத்துவிட்டால் நல்லது. உதாரணத்துக்கு ஒரு வசனத்தை அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: "உறுப்பினரின் கூற்று தன் கருத்துகளை முழுமையாகப் பிரதிபலிக்கவில்லை என்று திருமதி ஞானேஸ்வரி கருதுகிறார்."

கருதுகிறார்!

வீடு எரிகிறது என்று கத்துகிறவளிடம், "இவ்விடம் சற்று வெப்பமாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். அதுவும் ஏப்ரல் கடைசியில். வாக்கெடுப்பு மார்ச் 19.

மார்ச் 17, திங்கள்

விக்கினராஜா மறுபடி வந்தார். மாம்பழம் இல்லை.

"புதன்கிழமை நீங்கள் சபைக்குப் போறியளாமே?"

"பாக்கப் போறன். பொதுசனத்துக்கு இடம் இருக்குத்தானே."

"சும்மா பாக்கிறதெண்டாப் போங்கோ. மண்டபத்துக்கு எத்தினை வருசம் அலைஞ்சனாங்கள் எண்டு தெரியுமோ? ஆர் வந்தாலும் மாலை போடுவம், ஆர் சொன்னாலும் தலையாட்டுவம். அப்பிடித்தான் ஒரு சமூகம் நிமிரலாம்."

"தலையாட்டி எப்பிடி நிமிருறது விக்கினராஜா? ஒருக்கால் செய்து காட்டுங்கோ பாப்பம்."

"உங்களோட கதைக்கேலாது ரீச்சர்."

"வடைக்கு எழும்பினமாதிரி எழும்பிப் போங்கோ."

போய்விட்டார். கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டேன். நல்ல மனுசன்தான். என் முதல் குளிர்காலத்துக்கு மேலங்கி கொண்டுவந்து தந்தவர். அதை நினைத்தும் கோபம் குறையவில்லை.

மார்ச் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நிரோஜினி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ரயிலில் போனோம். மேல்சபை உள்ளே முழுவதும் சிவப்பு: கம்பளம், கதிரைகள். கூரையில் பொன். பெரிய கோயிலுக்குள் போன மாதிரி, செருப்பைக் கழற்றவேண்டுமோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். வாசலில் கறுப்புச் சட்டை போட்ட பணியாளர் பெண் எங்களுக்கு விதி சொன்னாள். பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்கள் பேசக்கூடாது, கைதட்டக்கூடாது, எழும்பக்கூடாது.

ஹோல்கேட் எழும்பிப் பிரேரணையைச் சொன்னார். முதல் பாதி முழுவதும் இலக்கம். பிறகு கண்ணை உயர்த்தினார். என்னைக் கண்டார். முகம் மலர்ந்தது. பொய்யில்லை, உண்மையாகவே மலர்ந்தது. அதுதான் என்னால் இன்னும் தாங்கமுடியாதது.

"இன்று திருமதி ஞானேஸ்வரியே மாடத்தில் இருக்கிறார். அவரை வரவேற்கிறேன். தன் முறைக்காகக் காத்திருந்த பெண்மணி."

சபை திரும்பிப் பார்த்தது. சிலர் "நன்று, நன்று" என்றார்கள். என் பக்கத்திலே இருந்த நிரோஜினியை யாரும் பார்க்கவில்லை. அவள் குனிந்து கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழும்பினேன். முழங்காலுக்குக் கம்பியைப் பிடிக்கவேண்டியிருந்தது.

"நான் காத்திருக்கவில்லை, ஐயா" என்றேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "காசு கட்டி முந்தி வந்தேன். உங்கள் நாடுதான் அந்த இடத்தை விற்றது. காத்திருந்தவர்கள் செத்துப்போனார்கள்."

சபைத் தலைவர் அமைதி என்றார். பணியாளர் பெண் என்னை நோக்கி வந்தாள். அந்த இடத்தில் ஹோல்கேட் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொல்லவேண்டும் என்று வந்தது.

"காசு கட்டி முந்தி வந்ததாக அம்மையார் சொல்கிறார். நல்லது, அவர் காசாவது கட்டினாரே!"

அவருடைய பக்கம் சிரித்தது. மற்றப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அப்படியானால் காத்திருந்தது எங்கே?" சிரிப்பு நின்றது. அதற்குள் பணியாளர் பெண் என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். இறுக்கமாக இல்லை. நிரோஜினி எழும்பப் போனாள். இரு என்று கையைக் காட்டினேன். அவளுடைய படிப்பு. அவள் இருந்து பார்க்கவேண்டும்.

வெளிக்கூடத்தில் அந்தப் பெண் எனக்குக் கதிரையும் தண்ணீரும் தந்தாள். மாடத்திலிருந்து யார் கத்தினாலும் அதைப் பதிவில் எழுதமாட்டார்கள் என்றாள். "ஆனால் உறுப்பினர் அதற்குப் பதில் சொன்னால், அவர் சொன்னதை எழுதித்தான் ஆகவேண்டும்." சொல்லிவிட்டு ஒன்றும் சொல்லாதவள்போல் வாசலுக்குப் போய் நின்றாள்.

விவாதம் நீண்டது. பிறகு மணி அடித்தது. வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் அறைகளிலிருந்து ஓடி வந்தார்கள். எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு வெள்ளைத் தலைக்காரர் என் முன்னால் நின்றார். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன்.

"நீங்கள் சொன்னது உண்மையா? காசு கட்டினால் முந்தலாமா?"

"உண்மை. என் மருமகன் கட்டினார். அவருடைய தாய் மற்ற வரிசையில் நின்று செத்தார்."

தலையை ஆட்டினார். மெதுவாக, இரண்டு மூன்று தரம். என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். கதவைப் பூட்டினார்கள்.

நிரோஜினி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"சமன் ரீச்சர். இருபதுக்கு இருபது."

"சமன் எண்டால்?"

"சமன் எண்டால் பிரேரணை தோல்வியாம். விதி இருக்கும். நான் படிக்கலாம்."

கட்டிப்பிடிப்போம் என்று நினைத்தேன். இரண்டு பேரும் பிடிக்கவில்லை. பெரிய படிகளில் இறங்கி வந்தோம். பாதிப் படியில் அவள் நின்றாள்.

"எங்கட பக்கத்தில ஒருத்தர் இண்டைக்குத் தடிமன் காய்ச்சல் எண்டு வராமல் விட்டிருந்தா?"

நான் கைபிடியைப் பிடித்து ஒரு படி திரும்ப ஏறினேன்.

"ஒரு தடிமன், ரீச்சர். என்ர பன்னிரண்டு வருசமும்."

கீழே டிராம் போய்க்கொண்டிருந்தது. அவள் அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்தோ என்னவோ, ஒரு சுற்றுலாக்காரி எங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

மார்ச் 20, வியாழன்

சபைப் பதிவின் முதல் படி இணையத்தில் வந்துவிட்டது. பாமதி பெரிய எழுத்தில் அச்சடித்துத் தந்தாள்.

நான் சொன்னது ஒரு சொல்லும் இல்லை. ஹோல்கேட் சொன்னது இருக்கிறது. "காசு கட்டி முந்தி வந்ததாக அம்மையார் சொல்கிறார். நல்லது, அவர் காசாவது கட்டினாரே." அவருடைய பெயரின் கீழ், அவருடைய வாயால். அலுவலகம் எடுத்துவிடச் சொன்ன விசயத்தை அவரே உள்ளே வைத்துவிட்டார்.

விக்கினராஜா தொலைபேசி எடுத்தார். ஹோல்கேட்டின் ஆட்கள் கோபமாம். மண்டபக் கடிதம் இனி வராதாம். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "என்ர மாமாவும் அந்தக் காசில்லாத வரிசையிலதான் ரீச்சர் நிக்கிறார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பதிவின் கடைசியில் வாக்களித்தவர்களின் பெயர்கள் இரண்டு பட்டியலாக இருக்கின்றன. வெள்ளைத் தலைக்காரரின் பெயரைத் தேடினேன். எங்கள் பக்கத்தில் இல்லை. மறுபடி பார்த்தேன். ஹோல்கேட்டோடு, விதியைக் கொல்ல வாக்களித்த இருபது பேருக்குள் இருந்தது.

ஹோல்கேட்டுக்கு அரைக்கதைதான் தெரியும் என்று ஒருவர் வாதாடலாம். இந்த மனுசனுக்கு நான் முழுவதும் சொன்னேன். பேர் சொல்லாமல் என்றாலும், கேதீஸ் பொத்தி வைத்த துக்கத்தையும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, தலையாட்டி, தோளைத் தொட்டு, உள்ளே போய்க் கையை உயர்த்தியிருக்கிறார்.

ஒரு கடிதம் எழுதினேன். சுருக்கமாக, விசயத்துக்குள் மட்டும்.

"ஐயா, நேற்று வெளிக்கூடத்தில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் உண்மையைச் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள் என்றும் தெரிந்தது. பிறகு எதற்குக் கேட்டீர்கள்?"

கேதீஸிடம் காட்டினேன். தாயாரைப் பற்றி நான் சொன்னதையும் சொன்னேன். கடிதத்தை நின்றபடியே வாசித்தார். கனநேரம் எடுத்தார். இவ்வளவு சின்னக் கடிதத்துக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு உறையில் போட்டு ஒட்டி, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"முத்திரை ஒட்டேல்லை" என்றேன்.

"வேண்டாம் மாமி. பதிவுத் தபாலில போடுறன்" என்றார். "கையெழுத்து வைச்சு எடுக்கட்டும்."